மச்சானா, சகோதரமா: டிஎன்ஏ எண்களை நம் உறவுமுறையோடு வாசிப்பது

டிஎன்ஏ பரிசோதனை நிறுவனங்கள் முடிவு தரும்போது "கசின்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் போட்டுவிடுகின்றன. பெரியப்பாவின் மகனும் கசின், மாமாவின் மகனும் கசின், சின்னம்மாவின் மகளும் கசின். தமிழில் இவர்கள் மூன்று வேறு ஆட்கள்: அண்ணன், மச்சான், தங்கச்சி. யாரிடமிருந்து எந்த டிஎன்ஏ வந்திருக்க முடியும் என்ற செய்தி அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் குடும்ப வரலாறு தேடத் தொடங்குகிறவர்கள் பரிசோதனைப் பெட்டிக்கு முதல் ஒரு கொப்பி வாங்குங்கள்.

கணக்கு இப்படித்தான். வை (Y) நிறமூர்த்தம், அதாவது வை குரோமோசோம், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டிஎன்ஏ தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் மகள்மார் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள். ஆகவே அப்பாவின் கூடப்பிறந்த ஆண்களுடைய மகன்மாருக்கும் உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் ஒரே வை இருக்கும். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் ஒரே இழைமணி டிஎன்ஏ இருக்கும். மாமாவின் பிள்ளைகளோடும் மாமியின் பிள்ளைகளோடும், வேறு வழியில் இன்னொரு உறவு இல்லாவிட்டால், இவை இரண்டுமே பொதுவாக இராது. சகோதர முறை என்று நாம் ஒதுக்கி வைப்பவர்களையும், மச்சான் மச்சாள் என்று கலியாணம் பேசக்கூடியவர்களையும் பிரிக்கும் கோடு இதே இடத்தில்தான் போகிறது. மட்டக்களப்புப் பக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள குடி முறை, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில் வருவது. அங்கே வேர் தேடுபவருக்கு இழைமணிப் பரிசோதனை கேட்கும் கேள்வியும் குடி கேட்கும் கேள்வியும் ஒன்றே.

ஆனால் உறவுச் சொல்லை அப்படியே நம்பக்கூடாது. ஒழுங்கைக்குள் இருந்த மூத்தவர் எல்லாரும் மாமாதான், அப்பாவின் ஒன்றைவிட்ட அண்ணனும் பெரியப்பாதான். கொப்பியில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கூடப்பிறந்தவரா, ஒன்றைவிட்டவரா, இரண்டைவிட்டவரா, இல்லை முறைக்குக் கூப்பிட்டதா என்று எழுதுங்கள். பாட்டன் பாட்டி பொதுவானால் ஒன்றைவிட்ட உறவு, பூட்டன் பூட்டி பொதுவானால் இரண்டைவிட்ட உறவு என்று ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு இந்தச் சொற்கள் கொஞ்சம் ஆடும். அடுத்து, ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் கேட்கச் சொல்லாத, நமக்கு மிக முக்கியமான இரண்டு கேள்விகள். சொந்தத்துக்குள் கலியாணம் செய்தவர்கள் யார் யார்? மாற்றுக் கலியாணம், அதாவது ஒரு வீட்டு அண்ணன் தங்கையை இன்னொரு வீட்டு அண்ணன் தங்கைக்குக் கொடுத்து எடுத்தது, எங்கே நடந்தது? இந்த இரண்டும் தெரியாமல் எண்களை வாசித்தால் அநியாயமாக ஒரு குடும்பத்தைச் சந்தேகப்பட வேண்டிவரும். எப்படியென்று கீழே வருகிறது.

எழுத்தில் உள்ளவற்றையும் இந்தக் கட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டு நினைவுப் புத்தகங்களில் பல வீடுகளில் வம்சாவளியே இருக்கும். பத்திரிகை மரண அறிவித்தலில் வரும் "காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் மருமகளும், இன்னாரின் மைத்துனியும்" என்ற நீண்ட வாக்கியம் அச்சில் கிடைக்கும் மிக நல்ல உறவு வரைபடம், அதிலும் ஆட்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்களா லண்டனில் இருக்கிறார்களா என்பது வரை இருக்கும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், அவர் பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கு ஒரு கூடு உண்டு. ஒரே ஒரு சான்றிதழ் இரண்டு தலைமுறை பின்னால் கொண்டுபோகும். யாழ்ப்பாணக் காணி உறுதிகளைத் தூக்கி வையாதீர்கள். 1707ல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டம் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்துப் பார்ப்பதால், காணி யார் வழியாக வந்தது என்பதை உறுதி சொல்லியே ஆகவேண்டியிருந்தது. சீதன உறுதிகளைத் தொடர்ந்து பின்னால் போனால் தாய்வழி கிடைக்கும், வேறு பதிவுகள் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஒல்லாந்தர் காலத் தோம்புகளை, அதாவது காணிப் பதிவேடுகளை, தேடுபவர்களுக்குக் கொழும்பு 7ல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம்தான் இடம், பழைய ஒல்லாந்தக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரின் உதவி தேவைப்படும். மலையகக் குடும்பங்களுக்கு வேறு வழி: 1949ம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நீலகிரிப் பக்கம் போன சகோதரங்களின் பேரப்பிள்ளைகள் இன்று டிஎன்ஏ பட்டியலில் இந்திய முகவரியோடு வந்து நிற்கலாம்.

எந்தப் பரிசோதனை?

கொழும்பு ஆய்வுகூடங்களில் தந்தைமை நிரூபிக்கச் செய்வது வேறு பரிசோதனை. அது டிஎன்ஏயில் ஆளுக்காள் வேறுபடும் இருபதளவு இடங்களை (குறிப்பான்களை) மட்டும் பார்த்து ஆம், இல்லை என்று பதில் சொல்லும். குடும்ப வரலாற்றுக்கு ஆறு ஏழு இலட்சம் புள்ளிகளைப் பார்க்கும் ஓட்டோசோமல் பரிசோதனை வேண்டும், அதாவது அப்பா வழி, அம்மா வழி இரண்டிலிருந்தும் வந்த டிஎன்ஏயைப் பார்ப்பது. அன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஃபமிலி ட்ரீ டிஎன்ஏ ஆகியவை விற்பது அதுதான். தொடங்குபவர்கள் எல்லாரும் இதையே எடுக்கவேண்டும். வை, இழைமணிப் பரிசோதனைகள் ஃபமிலி ட்ரீ டிஎன்ஏயில் உண்டு. விலை கூட, ஒரு குறித்த கேள்வி இருந்தால் மட்டும் எடுங்கள். "இந்த இரண்டு குடும்பமும் ஒரே ஆண்வழிதானா" என்பது நல்ல கேள்வி, 37 குறிப்பான் வைப் பரிசோதனை அதற்குத் தொடக்கமாகப் போதும். "எங்கள் பூர்வீகம் என்ன" என்பதற்குப் பதில் அதில் கிடைக்காது. எச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 என்று வரும் வைக் குழுக்கள் தெற்காசியா முழுக்கப் பரந்து கிடப்பவை, ஊரையோ சாதியையோ அவை சொல்வதில்லை. சொல்வதாக யாராவது வாதிட்டால் அவர் அறிவியல் கதைக்கவில்லை.

யாரைப் பரிசோதிப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம், அவசரமும் கொஞ்சம் வேண்டும். உயிரோடு உள்ள மூத்த தலைமுறைதான் முதலில். அம்மம்மா இருந்தால் அம்மம்மா, அவர் இல்லையென்றால் அவருடைய கூடப்பிறந்தவர். அம்மாவைப் பரிசோதித்தபின் அம்மப்பா அம்மம்மா வழிக்கு உங்களுடையது புதிதாக ஒன்றும் சேர்க்காது. பெற்றோர் இல்லாதபோது சகோதரங்களைச் சேருங்கள்: ஒரு பிள்ளை ஒரு பெற்றோரின் பாதியைத்தான் வைத்திருக்கும், இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் சராசரியாக 75 வீதம், மூவரென்றால் 87.5 வீதம். பிறகு அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா ஆகிய நால்வரின் வழியிலும் தலா ஒரு இரண்டைவிட்ட உறவினரைச் சேர்த்துவிட்டால், வரும் புதிய பொருத்தம் (உங்களோடு டிஎன்ஏ பொருந்தும் ஆள்) எந்தப் பக்கம் என்று பிரிக்க அடையாளக் கற்கள் நட்டதுபோல் ஆகும். நம் ஆட்கள் இந்தத் தரவுத்தளங்களில் குறைவு என்பதால் "யாராவது வந்து பொருந்துவார்கள்" என்று காத்திருப்பதைவிட, ஆளைத் தெரிந்து கேட்டுச் செய்வதே பலன் தரும்.

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் உமிழ்நீரில் கொடையாளியின் டிஎன்ஏ கலந்திருக்கும். அவரை விட்டு அவருடைய பிள்ளையையோ சகோதரத்தையோ பரிசோதியுங்கள்.

மாதிரி எடுப்பது

மாதிரி கெட்டுப்போவதற்கு நம் வீடுகளில் தனிக் காரணம் வெற்றிலை. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் கன்னத்துக்குள் ஒட்டியிருக்கும்போது பஞ்சுக்குச்சியைப் போட்டால் செல்லுக்குப் பதில் சாயம்தான் வரும். காலையில் எழும்பியவுடன், தேத்தண்ணிக்கும் முதல் வெற்றிலைக்கும் முன்னால், வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு எடுப்பதே சிறந்த நேரம். பகலில் எடுப்பதானால் சாப்பாடு, தேநீர், வெற்றிலை, சிகரெட் எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பெட்டியில் அரை மணி என்று போட்டிருந்தாலும் வெற்றிலை போடுபவருக்கு ஒரு மணி நேரமே வையுங்கள். கட்டுப்பல்லைக் கழற்றிவிடுங்கள்.

வயதானவர்களுக்கு உமிழ்நீர்க் குழாயைவிடப் பஞ்சுக்குச்சி நல்லது. அன்செஸ்ட்ரி குழாயில் கோடு வரை உமிழ்நீர் நிரப்பவேண்டும், நுரை கணக்கில் வராது. இரத்த அழுத்த மாத்திரை, மன அழுத்த மாத்திரை எடுக்கும் பலருக்கு வாய் உலர்ந்திருக்கும், அரை மணி துப்பியும் கோட்டைத் தொடாது. வேறு வழியில்லையென்றால் கன்னத்தை வெளியில் இருந்து மெதுவாகத் தடவிவிட்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்து மணக்க விடுங்கள், வாயில் போடக்கூடாது. மைஹெரிட்டேஜ், ஃபமிலி ட்ரீ டிஎன்ஏ பெட்டிகளில் இரண்டு குச்சிகள் இருக்கும். ஒரு கன்னத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றையும் முழுமையாக ஒரு நிமிடம் உருட்டி உருட்டித் தேயுங்கள். கூச்சத்தில் பத்து விநாடி தடவிவிட்டு எடுப்பதுதான் "டிஎன்ஏ போதவில்லை, திரும்ப அனுப்பவும்" என்ற மின்னஞ்சலுக்கு முக்கிய காரணம். குச்சியின் முனை திரவத்துக்குள் முழுதாக இருக்கவேண்டும். அந்தத் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள், டிஎன்ஏயைக் காப்பது அதுதான்.

ஒரே நாளில் நாலு பேரிடம் எடுப்பதானால் ஒருவரை முடித்து, மூடி, பெயரெழுதி, கடித உறைக்குள் வைத்த பின்னரே அடுத்த பெட்டியைத் திறவுங்கள். குழாயின் இலக்கத்தைப் படமெடுத்து, கொப்பியிலும் எழுதுங்கள். அக்கா தங்கையின் குழாய் மாறிப்போனால் முடிவில் இருவருமே சரியான பிள்ளைகளாகத்தான் தெரிவார்கள், பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. எடுத்த மாதிரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். அனுப்புவதற்கு முன் கூரியர் கிளையில் உயிரியல் மாதிரி அனுப்ப என்ன பத்திரம் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். நிறுவனம் இலங்கைக்கு அனுப்புகிறதா என்பதையும் வாங்கும் நாளிலேயே பார்க்கவேண்டும். அனுப்பாவிட்டால் கனடாவிலோ இங்கிலாந்திலோ உள்ள சொந்தக்காரர் வாங்கி, வரும்போது கொண்டுவந்து, திரும்பும்போது எடுத்துப்போவது வழக்கம். ஏப்ரல் 25 டிஎன்ஏ தினத்தை ஒட்டியும் நவம்பர் கடைசியிலும் விலை குறையும்.

எண்களை வாசிப்பது

இருவருக்குப் பொதுவான டிஎன்ஏ எவ்வளவு என்பதைச் சென்டிமோர்கன் என்ற அலகில் சொல்வார்கள். பிளெய்ன் பெட்டிங்கர் தொகுத்த, டிஎன்ஏ பெயின்ட்டர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அட்டவணையின் 2020ம் ஆண்டுப் பதிப்பின்படி பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சராசரி 3485. கூடப்பிறந்தவர்களுக்கு 2613. மாமா, மாமி, சித்தப்பா, சின்னம்மா போன்றோருக்கு 1741. ஒன்றைவிட்டவருக்கு 866, ஆனால் 396 முதல் 1397 வரை எதுவும் வரலாம். இரண்டைவிட்டவருக்கு 229, மூன்றைவிட்டவருக்கு 73. மூன்றைவிட்டவர்களில் பத்தில் ஒருவரோடு பொருத்தமே காட்டாது, நாலைவிட்டவர்களில் பாதிப்பேரோடு காட்டாது. அதனால் உறவு பொய் என்றாகாது.

இந்த அட்டவணைக்குத் தரவு கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் மேற்கு நாட்டவர், அவர்களுக்கு மச்சாளைக் கட்டும் வழக்கம் இல்லை. நமக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு எண்ணையும் கொப்பியில் உள்ள கலியாணங்களோடு சேர்த்துக் கூட்டவேண்டும். ஒரு உதாரணம். அப்பாவும் அம்மாவும் சொந்த மச்சான் மச்சாள். பெரியப்பா வெளியில் கட்டியவர். பெரியப்பாவின் மகள் உங்களுக்கு அப்பா வழியில் ஒன்றைவிட்டவர், சராசரி 866. அதே நேரம் பெரியப்பாவும் உங்கள் அம்மாவும் ஒன்றைவிட்டவர்கள், எனவே அவர் மகள் அம்மா வழியிலும் உங்களுக்கு இரண்டைவிட்டவர், அது 229. கூட்டினால் ஏறக்குறைய 1095. வெறும் ஒன்றைவிட்டவருக்கு இது கொஞ்சம் அதிகமே என்று பார்ப்பவர் நினைப்பார். காரணம் கொப்பியில் இருக்கிறது.

மாற்றுக் கலியாணம் இதைவிடக் குழப்பும். அப்பாவின் தங்கையை அம்மாவின் அண்ணன் கட்டியிருந்தால், இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாலு பாட்டன் பாட்டிமாரும் பொது. பொதுவான டிஎன்ஏ 25 வீதமளவு, கிட்டத்தட்ட 1700 சென்டிமோர்கன். நிறுவனத்தின் கணினி இதைப் பார்த்து "அரைச் சகோதரம்" என்று எழுதிவிடக்கூடும். அதைப் படித்த ஒருவர் செத்துப்போன தகப்பனைப் பற்றி என்ன நினைப்பார்! இதைத் தீர்க்க ஒரு உறுதியான வழி இருக்கிறது. இருவரும் தங்கள் மூலத் தரவுக் கோப்பை இறக்கி, வேறு வேறு நிறுவனங்களின் முடிவுகளையும் ஒப்பிட உதவும் ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றி, ஒருவருக்கொருவர் ஒப்பீட்டைப் படத்தோடு பாருங்கள். ஒவ்வொருவருக்கும் அப்பா தந்தது, அம்மா தந்தது என்று டிஎன்ஏயில் இரண்டு பிரதிகள் உண்டு. மஞ்சள் என்றால் அவற்றில் ஒன்று பொருந்துகிறது, பச்சை என்றால் இரண்டும் பொருந்துகின்றன. தகப்பன் மட்டும் பொதுவான அரைச் சகோதரங்களுக்கு, தாய்மார் உறவில்லாதவரை, நீளமான பச்சைத் துண்டுகள் வரா. மாற்றுக் கலியாணப் பிள்ளைகளுக்கு ஆறு வீதமளவு பச்சை வரும். முழுச் சகோதரங்களுக்கு 25 வீதம். அந்தச் சில பச்சைத் துண்டுகள் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றும்.

தூரத்துப் பொருத்தங்களில் மொத்த எண்ணைவிட, பொதுவான டிஎன்ஏயில் மிக நீளமான துண்டைப் பாருங்கள். 60 சென்டிமோர்கன் இரண்டு துண்டுகளில், பெரியது 40 என்று வந்தால் பொது மூதாதை அண்மையில் இருக்கலாம், தேடுவது வீண்போகாது. அதே 60 ஏழு துண்டுகளில், பெரியது 12 என்று வந்தால் அது பழைய உறவுகள் பல சேர்ந்த கூட்டல், ஒரு தீவுக்குள்ளோ ஒரு ஊருக்குள்ளோ தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்ததன் மிச்சம். 20 சென்டிமோர்கனுக்குக் குறைந்த பொருத்தங்களை முதல் வருடம் திரும்பிப் பார்க்காதீர்கள். பொருத்தங்களை நாலு நிறமாகப் பிரிக்கும் லீட்ஸ் முறையை ஆங்கிலத் தளங்கள் விதந்து சொல்லும். சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும், அது உங்கள் பிழையல்ல.

பெயரைக் கொண்டு தேடுவதும் நமக்கு உதவாது. குடும்பப் பெயர் இல்லாமல் தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்த நாம், வெளிநாடு போனதும் அந்தப் பெயரையே குடும்பப் பெயராக்கினோம். அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் வேறு வேறு குடும்பப் பெயரோடு பட்டியலில் நிற்பார்கள். பாட்டனாரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள், அதுதான் திறப்பு.

நீங்கள் எந்த இனம் எத்தனை வீதம் என்று நிறுவனம் காட்டும் வரைபடத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். அது ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரிகளைப் பொறுத்தது, மாதிரிகள் மாறினால் உங்கள் "பூர்வீகமும்" மாறும். 1000 ஜீனோம் என்ற உலக மரபணு ஆய்வுத் திட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் தொகுதிகூட ஐக்கிய இராச்சியத்தில் வாழ்பவர்களிடம் எடுத்ததே.

கேட்டுச் செய்வது

மாதிரி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் முதலே கதைக்கவேண்டிய விடயங்கள் உண்டு. எதிர்பாராத தகப்பனோ, தெரியாத சகோதரமோ வெளிவரலாம். "அப்படி ஏதும் வந்தால் உங்களுக்குச் சொல்லவா, சொல்லாமல் விடவா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலைக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். தயங்குபவரை வற்புறுத்த வேண்டாம், அடுத்த ஆளிடம் போகலாம். தரவு கசியக்கூடும் என்பதையும் மறைக்காதீர்கள். 23அன்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் 2023ல் பல இலட்சம் பேரின் விபரங்கள் வெளியேறின, 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இலங்கையின் 2022ம் ஆண்டு 9ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. ஜெட்மேட்சில் ஏற்றும்போது காவல்துறைத் தேடலுக்கு அனுமதிப்பதா இல்லையா என்ற தெரிவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு நிரப்புங்கள். பெற்றோர் உறவுக்காரரா என்று காட்டும் கருவியும் அங்கே உண்டு. மச்சான் மச்சாள் பிள்ளைக்கு ஆறு வீதமளவும், தாய்மாமனைக் கட்டியவரின் பிள்ளைக்குப் பன்னிரண்டு வீதமளவும் காட்டும். மற்றவரின் கோப்பில் அதை அவர் சம்மதம் இல்லாமல் ஓட்டவே கூடாது.

கணக்கைத் திறப்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். அம்மம்மாவின் மாதிரியைப் பேரனின் மின்னஞ்சலில் பதிவு செய்து, பேரன் கடவுச்சொல்லை மறந்தால் அம்மம்மாவின் டிஎன்ஏ போனதுதான், அவர் திரும்ப வந்து கொடுக்கப்போவதில்லை. மூலத் தரவுக் கோப்பை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒருநாள் நெதர்லாந்திலிருந்தோ சுவீடனிலிருந்தோ ஒரு பொருத்தம் வரலாம், தமிழோ சிங்களமோ தெரியாத ஒரு பெயர், 1980களில் பிறந்தவர். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து தத்துப்போன பிள்ளைகளில் பலர் பொய்ப் பத்திரங்களோடு அனுப்பப்பட்டவர்கள். நெதர்லாந்து அரசு அமைத்த ஆணைக்குழுவே 2021ல் முறைகேடுகளை ஒப்புக்கொண்டது. அவர் தாயைத் தேடுகிறார். எண்ணைப் பாருங்கள், 800க்கு மேலென்றால் உங்கள் வீட்டுக்கு மிகக் கிட்டத்தில் உள்ளவர். உடனே எந்தப் பெயரையும் எழுதிவிடாதீர்கள், அந்தத் தாய் இன்று வேறு குடும்பத்தோடு, அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவருக்கும் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். பதில் போடாமலும் விடாதீர்கள். "உங்கள் செய்தி கிடைத்தது. நாங்கள் உறவுதான். எந்த வழியென்று மூத்தவர்களிடம் விசாரிக்கக் கொஞ்சக் காலம் வேண்டும், கட்டாயம் திரும்ப எழுதுவோம்" என்று அன்றைக்கே எழுதுங்கள். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு, வீட்டில் வாய் காக்கக்கூடிய மூத்த பெண் யாரோ அவரிடம், தனியாக, ஆறுதலாகப் போய்க் கேளுங்கள்.